அட்டையில் இல்லாத முதலை

ஒரு காட்டில் ஊற்று வற்றிவிட்டது. வேலிக்கு வெளியே, எதிரெதிர் திசையில், இரண்டு குளங்கள் இருந்தன. ஒன்றுக்குத்தான் வழி திறக்கலாம். எந்தக் குளத்துக்கு என்று விலங்குகளிடமே கேட்டுச் சொல்லும்படி சிங்கராஜா உத்தரவிட, பொறுப்பு நரியார் தலையில் விழுந்தது. அவர் பட்டணத்து ஆராய்ச்சிக் கூடத்தின் குப்பைத்தொட்டியில் மூன்று வருடம் சாப்பிட்டவர்; விஷயம் தெரிந்தவர்.

பவளி என்ற சருகுமானுக்கு ஒரே கவலைதான். ஒரு குளத்தில் முதலை உண்டு. போன கோடையில் பாதிக் காதை அதனிடம் விட்டுவிட்டு வந்தவள் அவள்.

நரியார் புதர் புதராகப் போய், "குளத்துல உங்களுக்கு என்னென்ன முக்கியம்?" என்று கேட்டார். முப்பத்தேழு விஷயங்கள் சேர்ந்தன. விலங்குகள் பார்த்துத் தேர்ந்தெடுக்க அவர் தயாரித்த அட்டையில் ஐந்துக்குத்தான் இடம். ஒருவர் மட்டும் சொன்னதை அடித்தார். ஒன்றுபோல் இருந்ததைச் சேர்த்தார். யாருமே கேட்காத செல்போன் சிக்னல், பக்கத்துக் காட்டு அறிக்கையில் இருந்த ஒரே காரணத்துக்காக உள்ளே வந்தது.

பவளி எட்டிப் பார்த்தாள். "ஐயா, முதலையைக் காணோமே? எல்லாரும் அதைத்தானே முதல்ல சொன்னோம்?"

"அதுதாம்மா சிக்கலே. அதைப் போட்டா எல்லாரும் அதை மட்டும்தான் பார்ப்பீங்க. நிழலுக்காக எவ்வளவு தூரம் நடப்பீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஆய்வே கெட்டுடும்."

பவளிக்கு அழுகையே வந்துவிட்டது. அட்டையில் குளங்களுக்குப் பெயர்கூட இல்லை. அ, ஆ என்றுதான் இருந்தது. 'அ' குளம் கிட்டத்தில் இருந்தது. நிழல், தாமரை, முழு சிக்னல் எல்லாம் உண்டு; வரிசையே கிடையாது. 'ஆ' எல்லாவற்றிலும் நேர்மாறு. மற்ற எல்லாரும் 'அ'வில் கால் பதித்தார்கள். இந்தக் கோடையில் வரிசையே இல்லாத குளமா என்று பவளிக்கு மட்டும் உறைத்தது. அவள் 'ஆ'வில் பதித்தாள். எல்லா வகையிலும் மட்டமானதைத் தேர்ந்தெடுத்தவள் புத்தி சரியில்லாதவள் என்று நரியார் அவள் அட்டையைத் தனியே எடுத்துப் போட்டுவிட்டார்.

'அ' குளத்தின் திறப்பு விழாவில் முதல் வாய்த் தண்ணீர் நரியாருக்கு. குனிந்தவர் அப்படியே நின்றார். "ஏம்மா பவளி, அங்கே மிதக்கிறது கட்டைதானே?"

"அந்தக் கேள்வி அட்டையில இல்லீங்களே, ஐயா."

நரியார் திரும்பி ஓடினார். பாதி வால் மட்டும் அவரோடு வரவில்லை.

சிங்கராஜா கையோடு அந்த வழியை அடைத்து, மறுபக்கம் திறந்துவிட்டார். வெயில், நீண்ட தூரம், பெரிய வரிசை. பவளி வயிறு முட்டக் குடித்தாள்.

நரியார் அரை வாலோடு அறிக்கை கொடுத்தார்: ஆய்வு மாபெரும் வெற்றி. இரண்டாம் கட்டத்துக்கு உடனே அனுமதி கிடைத்தது.

நீதி: எல்லாருக்கும் முக்கியமானதைக் கேள்வித்தாளில் சேர்க்காதே; அது கடித்த பிறகு 'ஆய்வின் வரம்புகள்' என்று கடைசிப் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.