டிராகன் சாமிக்கு முன்னால் ஒரு சத்தியம்

அன்று எனக்கு வேலை ஒன்றுதான். விழுப்புரம் போய், செய்யச் சொல்லியிருந்த மண்பொம்மையை வாங்கிக்கொண்டு சாயங்காலத்துக்குள் திண்டிவனம் திரும்ப வேண்டும். அரைநாள் லீவு போட்டிருந்தேன்.

பொம்மை ஒரு சாமி. கோயில் சாமி இல்லை, விளையாட்டுச் சாமி. நண்பன் அருள்ராஜின் அண்ணன் கப்பலில் வேலை செய்கிறவர். எங்கிருந்தோ ஒரு புத்தகமும் பல முகமுள்ள பகடைகளும் கொண்டுவந்து கொடுத்தார். ஆளுக்கொரு வேஷம் எடுத்து, பகடை உருட்டி, கதையாகவே ஆட வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் கல்யாணமாகாத நான்கு பேர் அருள்ராஜ் அறையில் இதை ஆடினோம்.

நான் பூசாரி. என் சாமி ஒரு டிராகன். சிறகு, செதில், வால் எல்லாம் உண்டு. சட்டத்துக்கும் மானத்துக்கும் அதுதான் அதிபதி. அதன் பூசாரி வாக்குத் தவறினால் சக்தி மொத்தமும் போய்விடும்.

அப்படிப்பட்ட பூசாரி போன வாரம் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. அடுத்த ஆட்டத்துக்குச் சாமியையே கொண்டுவந்து நடுவில் வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். மாதக்கணக்கில் உருட்டிச் சேர்த்த சக்தி இப்போது அந்தப் பொம்மையை நம்பி இருந்தது.

பொம்மை செய்தவர் அய்யனாருக்குக் குதிரை செய்கிறவர். புத்தகத்துப் படத்தைப் பார்த்து வரைந்து கொடுத்திருந்தேன். சிறகும் வாலும் சரியாகத்தான் வந்திருந்தன. கூடவே முறுக்கிய மீசையும் வந்திருந்தது. படத்தில் மீசை இல்லையே என்றேன்.

"நாயம் தீக்கிற சாமின்னு நீங்கதானே சொன்னீங்க. மீசை இல்லன்னா எவன் சார் பயப்படுவான்?"

சாமியின் கண்ணை மஞ்சள் துணியால் கட்டியிருந்தார். கண் திறந்ததும் எதிரே நிற்கிறவன் மேல்தான் முதல் பார்வை விழும், அவன் தாங்கமாட்டான், அதனால் போய்ச் சேருகிற இடத்தில் அவிழ்த்துக்கொள்ளச் சொன்னார். நான் பகுத்தறிவுக்காரன். சிரித்துக்கொண்டேன். ஆனால் துணியை அவிழ்க்கவில்லை. மெனக்கெட்டுக் கட்டியிருக்கிறார், இருக்கட்டுமே என்றுதான்.

பஸ்ஸில் சாமியை மடியில் வைத்துக்கொண்டேன். விக்கிரவாண்டி வரைக்கும் நிம்மதி. அதற்குப் பிறகு பக்கத்து சீட்டுக்காரர் என்ன சாமி என்று கேட்டார். சாமியெல்லாம் இல்லை, விளையாட்டுப் பொம்மை என்று உண்மையைச் சொன்னேன். நம்பவில்லை. அது என்ன செய்யும் என்று கேட்டார். அதற்கும் உண்மையையே சொன்னேன்: சட்டம், மானம், பொய் சொன்னால் தண்டனை.

அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அவர் பெயர் கோவிந்தன். பிரம்மதேசம் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டிருக்கிறார். கிணறு அவருக்கும் தம்பிக்கும் பொது. அண்ணன் முறை வரும் நாளில் தம்பி திருட்டுத்தனமாக மோட்டார் போட்டுவிடுகிறான், பயிர் காய்கிறது என்று கேஸ். விழுப்புரம் கோர்ட்டில் அன்றும் வாய்தா. தம்பி ஏழுமலை அதே பஸ்ஸில் கடைசி சீட்டில் இருந்தார்.

கோவிந்தன் எழுந்து நின்றார். "டேய் ஏழுமல. கோர்ட்டுல வாய்க்கு வந்ததச் சொல்லிக்கினு திரியிறியே, இங்க கண்ணக் கட்டிக்கினு சாமியே வந்து உக்காந்துனு இருக்குது. இதும் முன்னால சத்தியம் பண்ணு. கேஸ வாபஸ் வாங்கிக்கிறேன்."

எந்தச் சாமி முன்னாலும் பண்ணுவேன் என்று ஏழுமலை வந்துவிட்டார். இது வெறும் பொம்மை என்றேன். கண்டக்டர் என்னைச் சும்மா இருக்கச் சொன்னார். டிரைவர் ஒரு புளியமரத்தடியில் வண்டியை ஓரங்கட்டினார். ஒரு அம்மா பையிலிருந்து கற்பூரம் எடுத்துக் கொடுத்தார்.

கண்ணைத் திறக்காமல் சத்தியம் செல்லாது என்றார் கண்டக்டர். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சாமியைச் சீட்டில் வைத்து, எதிரே நின்று முடிச்சில் கை வைத்தேன். முதல் பார்வை ஞாபகம் வந்தது. பக்கவாட்டில் நகர்ந்து நின்றுகொண்டேன்.

அதைப் பார்த்ததும் ஏழுமலையின் முகம் மாறியது.

"சார், நம்ம ஊரு சாமின்னா பரிகாரம் தெரியும். ஒரு ஆடு, ஒரு பொங்கலு. இதுக்கு இன்னா சார் பரிகாரம்?"

யோசித்தேன். புத்தகத்தில் அப்படி எதுவும் போடவில்லை. இல்லை என்றேன்.

ஏழுமலை துணியை அவிழ்க்க வேண்டாம் என்றார். தரையைப் பார்த்துக்கொண்டு, "ரெண்டு மூணு வாட்டி போட்டன்ணே" என்றார்.

கோவிந்தன் ஜெயித்தவர் போல எங்களைப் பார்த்தார். அப்போது தம்பி கேட்டார், என் முறையில் நீ போட்டதே இல்லையா, நீயும் சத்தியம் பண்ணு என்று. கோவிந்தன் சாமியைப் பார்த்தார். மீசையைப் பார்த்தார். பிறகு டிரைவரிடம், நேரமாகிறது, ஜல்தியாக வண்டியை எடுக்கச் சொன்னார்.

திண்டிவனம் வருவதற்குள் இருவரும் பேசி முடித்துவிட்டார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் மோட்டார். கேஸ் வாபஸ்.

அருள்ராஜ் அறை பஸ் ஸ்டாண்டுக்கு அடுத்த தெரு. இறங்கியதும் கோவிந்தன் சாமியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"சாட்சிய நீங்க எடுத்துக்கினு போயிட்டா நாளைக்கு இவன் மாத்திப் பேசுவான் சார்."

"நீ மட்டும் பேசமாட்டியா?" என்றார் தம்பி.

கிணற்றுமேட்டில் வைக்கப் போகிறார்களாம். இது பொம்மை என்று கடைசியாக ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். இருவரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு பிரம்மதேசம் பஸ்ஸில் ஏறினார்கள்.

வெறுங்கையோடு போய் நடந்ததை நடந்தபடி சொன்னேன். ஆட்டத்துக்கு நடுவரான அருள்ராஜ் முழுக்கக் கேட்டான்.

"சாமி மேல கை வெச்சு சொல்லு, நம்பறேன்" என்றான்.

சாமி அந்நேரம் பிரம்மதேசம் ரோட்டில் போய்க்கொண்டிருந்தது. வாக்குத் தவறிய பூசாரிக்குச் சக்தி கிடையாது என்று தீர்ப்பாயிற்று. அன்று முழுக்க யாரிடமும் பொய் சொல்லாதவன் நான் ஒருவன்தான் என்பதை நடுவர் ஏற்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை முதல் திருடனாக ஆடினேன். திருடனை யாரும் சத்தியம் பண்ணச் சொல்வதில்லை.