பசறை ஏற்றத்தில் பல்லி சொன்னது

மேல்டிவிசன் சந்தி,
நமுனுகுல.
ஐப்பசி, ஞாயிற்றுக்கிழமை.

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மச்சான் முருகையா அவர்கள் சமூகத்துக்கு,

உங்கள் தங்கை ராசம்மாவும், மகள் லதுஷாவும், நானும் கதிர்காமத்து முருகன் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். வத்தளையில் நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் அதே சுகத்தோடு இருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொள்கிறேன். நீங்கள் எங்களுக்குக் கொடுத்த பிக்கப்பும் சுகம்தான். ஆனால் அதைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாக எழுத வேண்டியிருக்கிறது. போனில் சொல்லலாமே என்பீர்கள். போனில் நான் ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால் நீங்கள் நடுவில் புகுந்து வேறொன்றைப் பேசி முடித்து வைத்துவிடுவீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், எனக்கும் அதே குணம்தான் என்று ராசம்மா சொல்கிறாள்.

லதுஷாவுக்கு நீங்கள் பேசிய சம்பந்தத்துக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. மறக்கவில்லை மச்சான். மதுசூதனன் நல்ல பையன், சொந்தமாக ஹார்ட்வெயார் கடை, குடி கிடையாது. இந்தப் பக்கம் லதுஷாவுக்கு மட்டக்களப்புப் பக்கம் உள்ள கல்வியியற் கல்லூரியில் இடம் கிடைத்து, அங்கேயே தங்கிப் படிக்க வரச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. கல்யாணமா, கல்லூரியா என்று முடிவு சொல்ல வேண்டிய நாள் வந்துவிட்டது. அந்த முடிவும் இந்தக் கடிதத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் பிக்கப்பின் சத்தத்தைச் சொல்லாமல் அதைச் சொல்ல வழியில்லை.

முதலில் நன்றி. தேயிலைத் தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்று, வீட்டில் குந்திக்கொண்டு ராசம்மா தேங்காய் துருவுவதில் குறை கண்டுபிடித்துக்கொண்டிருந்த என்னை மறுபடியும் மனுசனாக்கியது உங்கள் பிக்கப். வெலிமடையில் லீக்ஸும் கரட்டும் உருளைக்கிழங்கும் ஏற்றி, ஹாலிஎல, பதுளை வழியாக வந்து பசறைக் கடைகளுக்குப் போடுகிறோம். எங்கள் அடுப்பு அதில்தான் எரிகிறது. கண்ணில் புரை எடுத்ததில் இருந்து டாக்டர் என்னை ஓட்ட வேண்டாம் என்றுவிட்டார். அதனால் லதுஷா ஸ்டியரிங்கைப் பிடிக்கிறாள், நான் ஜன்னல் பக்கம் இருந்து வாயால் ஓட்டுகிறேன். நிறுவைத் தராசு விசயத்தில் எங்கள் இரண்டு பேரையும் நம்பாத உங்கள் தங்கை நடுவில் உட்கார்ந்து வருகிறாள்.

சத்தம் ஆரம்பித்தது பசறை ஏற்றத்தில். முன்பக்கம் எங்கேயோ டிக் டிக் டிக் என்று மெல்லிசாக வந்தது. கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. அடுத்த வளைவில் மறுபடி டிக் டிக். நான் தொழிற்சாலையில் ரோலர் மெசின் ஓடும்போது கண்ணை மூடிக்கொண்டு எந்த பெயாரிங் அழுகிறது என்று சொன்னவன் என்பது உங்களுக்குத் தெரியும். கண்ணை மூடிக் கேட்டேன். ஒன்றும் பிடிபடவில்லை. ராசம்மா நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்து முந்தானையால் என் வாயைத் துடைத்துவிட்டாள்.

ஹாலிஎலயில் நௌபர் பாஸின் கராஜுக்குக் கொண்டுபோனோம். அருமையான மனுசன். வண்டி உள்ளே நுழைந்ததும் சத்தம் போன இடம் தெரியவில்லை. அவரே எடுத்துக்கொண்டு டவுன் ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார்.

"எஞ்சின் நல்லாத்தானே ஈக்குது அண்ணே. சத்தம் எங்க?"

"இங்க வராது பாஸ், ஏத்தத்துல வரும்."

"அப்ப ஏத்தத்த கழட்டிக் கொண்டு வாங்க, பாப்பம்."

சிரித்தாலும் சும்மா விடவில்லை. எஞ்சின் வால்வுக்கு மேலே இருக்கும் டெப்பெட் சரிபண்ணினார், ஒயில் மாற்றினார், ஃபேன் பெல்ட் மாற்றினார். நன்றி சொல்லிவிட்டு வெலிமடை போய்ச் சாமான் ஏற்றிக்கொண்டு திரும்பினோம். பசறை ஏற்றத்தில் டிக் டிக் டிக். சாமானை இறக்கிவிட்டு மறுபடி கராஜுக்குப் போனோம். சத்தமே இல்லை. எங்கள் லயத்தில் பக்கத்து வீட்டுக் கருப்பம்மா, டயரில் கல் மாட்டியிருக்கும் என்று சொல்லி, தானே ஒரு கரண்டிக்காம்பைக் கொண்டுவந்து சக்கரம் சக்கரமாக நோண்டி ஒரு கை நிறையக் கல் எடுத்துக் கொடுத்தாள். அந்தப் பெரிய மனசுக்கு நன்றி. சத்தம் மட்டும் போகவில்லை. நௌபர் கடைசியில் என் தோளில் கை வைத்து, "அண்ணே, எஞ்சின்ல ஒண்டுமில்ல, நான் எழுதித் தாறேன்" என்றார்.

அப்போதுதான் மச்சான், எனக்குப் புத்தி வந்தது. எஞ்சினில் ஒன்றும் இல்லை என்றால் அது எஞ்சின் இல்லை. நினைத்தால் வரும், நினைத்தால் நிற்கும், வெளியாள் வந்தால் மூச்சு விடாது. அப்படிப்பட்டது உலகத்தில் ஒன்றுதான் இருக்கிறது. பல்லி! டாஷ்போட்டுக்குள் பல்லி குடியிருக்கிறது!

உடனே பஞ்சாங்கத்தை எடுத்துக்கொண்டு பிக்கப்பில் ஏறினேன். கிழக்கே பல்லி சொன்னால் ஒரு பலன், மேற்கே சொன்னால் ஒரு பலன் என்று அதில் ஒழுங்காகப் போட்டிருக்கிறது. ஆனால் நம்முடைய ரோடு அந்தப் பஞ்சாங்கக்காரருக்குத் தெரியாது. ஒரு கொண்டை ஊசி வளைவில் பல்லி சொல்ல ஆரம்பிக்கும்போது வண்டியின் மூக்கு கிழக்கே இருக்கும், சொல்லி முடிக்கும்போது மேற்கே இருக்கும். ஒரே வாயால் சொர்ண லாபமும் பந்து நஷ்டமும் சொன்னால் நான் எதை எடுப்பது? கடைசியில் திசையை விட்டுவிட்டேன். யார் என்ன பேசும்போது பல்லி சொல்கிறது என்பதை மட்டும் கவனித்தேன்.

"அப்பா, மழை வரும் போல இருக்கு, தார்ப்பாய் போட்டுருவோமா?" என்று லதுஷா கேட்டாள். டிக் டிக். வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. பல்லி சொன்னதே என்று இறங்கிப் போட்டேன். பசறைக்கு வருவதற்குள் ஊற்றோ ஊற்று என்று ஊற்றியது, ஒரு லீக்ஸும் நனையவில்லை. இன்னொரு நாள், "அம்மாவுக்கு அடிக்கடி தலை சுத்துதுங்கிறாங்க, பிரஷர் பாக்கணும்" என்றாள். டிக் டிக் டிக். போய்ப் பார்த்தால் பிரஷர் ஏறிக் கிடக்கிறது. இப்போது மாத்திரை போட்டு உங்கள் தங்கை தெளிவாக இருக்கிறாள் என்றால் அந்தப் பல்லிக்கு நான் எப்படி நன்றி சொல்வேன் மச்சான்? ஒவ்வொரு முறையும் "கிருஷ்ணா கிருஷ்ணா" என்று டாஷ்போட்டைத் தட்டிக் கும்பிட்டேன்.

எனக்கு ஒரே ஒரு வருத்தம். நான் பேசும்போது அது வாயே திறக்காது.

போன வாரம் சம்பந்த விசயத்தை எடுத்தேன். "மதுசூதனன் தங்கமான பையன்" என்றேன். பல்லி சொல்லவில்லை. ஒருவேளை கேட்கவில்லையோ என்று டாஷ்போட்டுக்குக் கிட்டே குனிந்து இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். கடை இருக்கிறது என்றேன், குடி இல்லை என்றேன், முருகையா மச்சான் பேசின சம்பந்தம் என்று உங்கள் பெயரையும் சொன்னேன். மன்னிக்க வேண்டும், உங்கள் பெயருக்கும் சொல்லவில்லை. வண்டி பூனை போல ஏறிக்கொண்டிருந்தது. பிறகு லதுஷா ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "நான் காலேஜுக்குப் போனா மூணு வருசத்துல டீச்சரா வந்துருவேன்ப்பா. நம்ம தோட்டத்து ஸ்கூல்லயே கேட்டு வாங்கிருவேன்" என்றாள். டிக் டிக் டிக் டிக் என்று பிடித்தது பாருங்கள், உச்சிக்கு ஏறும்வரை ஓயவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. தெய்வ வாக்குக்கு மேல் நான் யார்?

ஆகவே மச்சான், லதுஷா கல்லூரிக்குப் போகிறாள். சம்பந்தம் வேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டுக்குப் பதமாகச் சொல்லிவிடுங்கள். இது என் வார்த்தை இல்லை, உங்கள் வார்த்தைக்கு நான் குறுக்கே நிற்பவனும் இல்லை. பல்லி சொல்லிவிட்டது, அவ்வளவுதான். பிக்கப்பைக் கொடுத்தது நீங்கள், ஆகவே அதில் இருக்கும் பல்லியும் ஒரு வகையில் உங்களுடையதுதான். இந்த நல்ல முடிவுக்கும் உங்களுக்கே நன்றி சொல்கிறேன்.

அக்காவுக்கு எங்கள் வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தம். முருகன் துணையால் உங்கள் வீட்டில் எந்தக் குறையும் வராமல் இருக்கட்டும்.

என்றும் உங்கள் நன்றி மறவாத மைத்துனன்,
கிருஷ்ணராஜ்

பி.கு.: உறையை ஒட்டி இரண்டு நாள் கழித்து மறுபடி கிழித்து எழுதுகிறேன்.

நேற்று ராசம்மா வரவில்லை. பசறையில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போக வேண்டும் என்று நௌபர் பாஸ் ஹாலிஎலயில் எங்களோடு ஏறிக்கொண்டார். பின்னால் முழு லோட். லதுஷா வழக்கத்துக்கு மாறாக ரெண்டாம் கியரிலேயே ஊர்ந்தாள். "மூணப் போட்டு மிதிங்க தங்கச்சி, பிரியாணி முடிஞ்சிரும்" என்று நௌபர் அவசரப்படுத்தினார். வேறு வழியில்லாமல் மிதித்தாள். டிக் டிக் டிக். நான் டாஷ்போட்டைத் தட்டி "கிருஷ்ணா கிருஷ்ணா" என்றேன்.

"என்ன அண்ணே தட்றீங்க?"

"பல்லி, பாஸ்."

அவர் வண்டியை ஓரம் கட்டச் சொல்லி பொனட்டைத் திறந்தார். எஞ்சினில் இருந்து சைலன்சர் குழாய்க்குப் புகை போகும் மூட்டில் கேஸ்கட் வெடித்து, அந்த இடமெல்லாம் கரி படிந்திருந்தது. பாரம் ஏற்றி, மேட்டில், பெரிய கியரில் மிதித்தால் மட்டும் அந்த இடுக்கால் புகை அடித்து டிக் டிக் என்று கேட்குமாம். காலை எடுத்தால் நின்றுவிடுமாம். வெறும் வண்டியை டவுன் ரோட்டில் ஓட்டிப் பார்த்தால் எப்படிக் கேட்கும் என்று தன் தலையில் தானே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார். எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. அவரே ஸ்டியரிங்கில் ஏறி, "எனக்கு இந்த வருசம் வயசு பதினெட்டு" என்று சொல்லி மிதித்தார். டிக் டிக் டிக் டிக். அவருக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள் மச்சான்.

நான் லதுஷாவைப் பார்த்தேன். அவள் ரோட்டோரத்தில் நின்று நமுனுகுல மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து ராசம்மாவிடம் குதித்தேன். உங்கள் தங்கை அரிசி களைவதை நிறுத்தவில்லை. "மொத தடவ தற்செயலா வந்துச்சு. அப்புறம் அவ புடிச்சுக்கிட்டா. நடுவுல ஒக்காந்திருக்கிற எனக்குத் தெரியாதா அவ காலு எப்ப மிதிக்குதுன்னு?" என்றாள். "தெரிஞ்சுமா சும்மா இருந்த? எங்கிட்ட வாயால சொன்னா என்ன அவளுக்கு?" என்று கத்தினேன். அவள் அப்போதுதான் நிமிர்ந்தாள். "வாயாலதாங்க சொன்னா. கடுதாசி வந்த நாள்ல இருந்து சொன்னா. பிரஷர் பாக்கணும்னு நான் சொன்னதும் வாயாலதான். நீங்க எத கேட்டீங்க?"

வெளியே போய்ப் பிக்கப்பில் ஏறி உட்கார்ந்தேன் மச்சான்.

ஆகவே மேலே பல்லியைப் பற்றி எழுதியது அத்தனையும் பொய். தெய்வ வாக்கு என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவைத்துவிடாதீர்கள். இன்று காலையில் லதுஷாவைக் கூப்பிட்டு, "மதுசூதனனப் பத்தி நீ என்னம்மா நெனைக்கிற?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். சிரமமாகத்தான் இருந்தது. "அவர் நல்லவரா இருக்கலாம்ப்பா. எனக்கு வேணாம். நான் படிக்கப் போறேன்" என்றாள். மாப்பிள்ளை வீட்டிலும் இதையே சொல்லிவிடுங்கள்.

இதை அவள் வீட்டு முற்றத்தில் நின்று சொன்னாள். வண்டி நின்றிருந்தது. சாவி என் சட்டைப் பையில் இருந்தது.