முதல் பல்

"கழுவுனீங்களா? பல்லைப் போய் யாராவது கழுவுவாங்களா மாமா?"

"பல்லைத்தான்டா எல்லாரும் தினமும் கழுவுறாங்க."

"அது வாய்க்குள்ள இருக்கிற பல்லு. டப்பாவுல இருக்கிற பல்லை எதுக்குக் கழுவுனீங்க?"

குளியலறைக் கதவை உள்பக்கம் தாழிட்டுக்கொண்டு, பிளம்பரும் மச்சினனும் வாஷ்பேசின் ஓட்டையையே வெறித்துக்கொண்டு நின்றார்கள்.

மகளுக்கு முதன்முதலாக விழுந்த பால்பல்லை அவர் மனைவி ஒரு குட்டி வெள்ளி டப்பாவில் பஞ்சு வைத்து, பீரோவுக்குள் பத்திரப்படுத்தியிருந்தாள். நகையை அடகுக் கடை வரைக்கும் அனுப்பியிருக்கிறாள். பல்லை ஹால் வரைக்கும்கூட அனுப்பியதில்லை. இப்போது பேத்திக்கும் முதல் பல் விழுந்துவிட்டது. சாயங்காலம் மகள், பேத்தியோடும் பேத்தியின் பல்லோடும் வருகிறாள். அம்மா பல்லும் பொண்ணு பல்லும் ஒரே டப்பாவில் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும், மனைவிக்கு அப்படி ஒரு ஆசை. சேதி வந்ததிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை.

அவளைச் சந்தோஷப்படுத்தலாமே என்றுதான் பிளம்பர் யாருக்கும் தெரியாமல் டப்பாவை எடுத்தார். பல் லேசாக மஞ்சளடித்திருந்தது. குழாயைத் திறந்தார். அவரே மாட்டிய குழாய், தண்ணீர் அருவி மாதிரி கொட்டும். கொட்டியது.

"ஊர்ல எல்லார் வீட்டு மோதிரத்தையும் பைப்புலேர்ந்து எடுத்துக் குடுத்த ஆளு நீங்க" என்றான் மச்சினன்.

"அதான்டா. வெளிய தெரிஞ்சா தொழிலே போயிடும்."

உண்மையில் அவர் பயந்தது தொழிலுக்காக அல்ல. மனைவி கத்தமாட்டாள். "பரவால்ல, விடுங்க" என்பாள். சொல்லிவிட்டுக் காலி டப்பாவை மூடி, மறுபடி பீரோவில் அதே இடத்தில் வைப்பாள்.

பேசினுக்கு அடியில் வளைந்திருக்கும் பைப்பில்தான் எதுவும் தங்கும். ஸ்பேனரை வைத்துத் திருகினார். ஒரு சட்டைப் பட்டன் வந்தது, ஒரு ஹேர்பின் வந்தது, யாரைக் கேட்டாலும் தன்னுடையது இல்லை என்று சொல்லக்கூடிய ஒரு முடிக்கற்றை வந்தது. பல் வரவில்லை. திருப்பி மாட்டி, ஒழுகுகிறதா என்று குழாயைத் திறந்ததும் பழைய மரை முறிந்து, தண்ணீர் கதவிடுக்கு வழியாக ஹாலுக்குக் கிளம்பியது.

"என்னங்க, ஹால்ல தண்ணி வருது?" வெளியே மனைவியின் குரல்.

"சர்வீஸ் பண்றேன்மா."

சந்தேகத்தோடு, "நம்ம வீட்டுக்கா?"

"ஆமா."

"அப்படியே கிச்சன் சிங்க்கையும் பாத்துடுங்க. மாடி டேங்க்கும் ஒழுகுது. எத்தன வருஷமா சொல்றேன்."

பல்லைத் தொலைத்தவன் டேங்க்குக்கு அடியில் படுத்து வேலை செய்வதைவிடக் கொடுமை உலகத்தில் எதுவும் இல்லை. ஒழுகல் நின்ற சந்தோஷத்தில் அவள் காபி வேறு கொண்டுவந்து கொடுத்தாள். "இன்னைக்கு என்னமோ நல்ல நாளு" என்றாள்.

அதற்குள் குளியலறையில் மச்சினன், சலூன் வைத்திருப்பவனாயிற்றே, சவரக் கத்தியால் ஒரு வெள்ளை சோப்பைச் செதுக்கி வைத்திருந்தான். பிரமாதமான பல். சொத்தைகூட வைத்திருந்தான்.

பிளம்பர் முகர்ந்து பார்த்தார். "எலுமிச்ச வாசன அடிக்குதுடா."

"பாப்பா சுத்தமான புள்ளைன்னு சொல்லிக்கலாம் மாமா."

அதைத் தூக்கி எறிந்துவிட்டு, பிளம்பர் தன் தொழிலுக்குத் தகுந்த மாதிரி வெள்ளை பிளாஸ்டிக் பைப்பில் ஒரு துண்டு அறுத்து, அரம் வைத்து ராவினார்.

"இது நாய்ப் பல்லு மாமா. அதுவும் கடிக்கிற நாயி." மச்சினன் தாடையைத் தடவிக்கொண்டான். "ஒண்ணு பண்ணலாம். எனக்குக் கடைசியில ஒண்ணு ஆடிக்கிட்டே இருக்கு. வேணும்னா..."

"அந்த சிகரெட் கறையப் பாத்தா, பாப்பா ஒண்ணாங் கிளாஸ்லயே பீடி பிடிச்சான்னு நினைப்பா உங்கக்கா."

அப்போதுதான், இந்தத் தடவை தாழிட மறந்த கதவைத் தள்ளிக்கொண்டு மனைவி உள்ளே வந்தாள். பிளம்பரின் உள்ளங்கையில் டப்பா. நல்லவேளை, மூடியிருந்தது.

அவள் முகம் சட்டென்று வெளிறியது. "அத எதுக்கு எடுத்தீங்க? திறந்தீங்களா?"

"இல்லம்மா. பாலிஷ் போடலாம்னு."

"உள்ள உத்துப் பாத்தீங்களா?"

"எங்க பாத்தேன்."

அவள் மூச்சு விட்டாள். "பாக்காதீங்க. காத்து பட்டாக் கெட்டுடும்."

போதாததற்கு அந்த நேரம் பார்த்து மகள் போன் பண்ணினாள். "அப்பா, அந்த டப்பாவ நான் வந்துதான் திறப்பேன். நீங்க வெளிச்சத்துல வெச்சு ஆராய்ச்சியெல்லாம் பண்ணிட்டிருக்காதீங்க, சரியா?"

பிளம்பருக்குக் கண் கலங்கியது. ஒரு பல்லுக்கு இந்த வீட்டில் இத்தனை மரியாதை. அதைக் காத்தும் வெளிச்சமும் படாமல் இவர்கள் காப்பாற்றி வைத்திருக்க, தான் மட்டும் குழாயைத் திறந்து சாக்கடையில் விட்டுவிட்டோமே என்று நொந்துகொண்டார்.

"பாலிஷ் கடைக்குப் போயிட்டு வர்றேன்" என்று டப்பாவைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். போகிற போக்கில், ஹால் சுவரில் மாட்டியிருந்த மகளின் சின்ன வயசுப் படத்தை, எல்லாப் பல்லும் தெரியச் சிரிக்கிற படத்தை, போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். மச்சினன் பின்னாலேயே ஓடினான்.

கடைத்தெருக் கோடியில் பல்செட் செய்பவரின் கடை. கண்ணாடி அலமாரி முழுக்க யார் வாயிலும் இல்லாத சிரிப்புகள். பிளம்பர் ஸ்டூலில் உட்கார்ந்து, பாதிரியாரிடம் சொல்வதுபோல எல்லாவற்றையும் சொன்னார். கழுவியது, பைப், சோப்பு, நாய்ப் பல், எதையும் விடவில்லை.

"கீழ்வரிசையில முன்பல்லு ஒண்ணு. லேசா மஞ்சளா இருக்கணும். சாயங்காலத்துக்குள்ள வேணும் சார். என் வீட்டம்மாவுக்குத் தெரிஞ்சா மனசு உடைஞ்சிடுவா. பொண்ணும் தாங்க மாட்டா." போனை நீட்டினார். "அளவுக்கு இந்தப் போட்டோ போதுமா?"

பல்செட்காரர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போட்டோவைப் பார்த்தார். பிளம்பரைப் பார்த்தார். மறுபடி போட்டோவைப் பார்த்தார். பிறகு நிதானமாக எழுந்துபோய் ஒரு டிராயரை இழுத்தார்.

"அளவெல்லாம் வேணாம் சார், இந்தப் பல்லுக்கு என்கிட்ட அச்சே இருக்கு. ரொம்ப முன்னாடி ஒரு அம்மா இதே படத்தத் தூக்கிட்டு அழுதுகிட்டே வந்தாங்க, வீட்டுக்காரருக்குத் தெரியக் கூடாதுன்னு. போன வருஷம் இந்தப் பொண்ணே வந்துச்சு, அம்மாவுக்குத் தெரியக் கூடாதுன்னு."

இப்போது நீங்களே சொல்லுங்கள், சாயங்காலம் வரப்போகிற அந்தப் பேத்தியின் நிஜப் பல்லை இந்த வீட்டில் யாரை நம்பிக் கொடுக்கலாம்?