டொய்ங் அண்ணனும் இரண்டு மிஷினும்

போடியில் டொய்ங் அண்ணன் தோண்டாத இடம் இரண்டுதான். ஒன்று போலீஸ் ஸ்டேஷன் வாசல். இன்னொன்று அவருடைய மாமனார் வீட்டு முற்றம். அங்கேயும் அவருக்கு ஆசை இருந்தது, மாமனார்தான் விடவில்லை.

அண்ணனுக்கு உண்மையான தொழில் மோட்டார் காயில் கட்டுவது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எங்கள் தெருவிலேயே பட்டறை. ஒருநாள் சிலமலைத் தோட்டம் ஒன்றில் மோட்டார் மாட்டப் போனவர், சேற்றில் விழுந்த ஸ்பேனரைத் தேடி அரைநாள் குனிந்தே கிடந்தார். நிமிர்ந்ததும் போனை எடுத்துப் பார்த்திருக்கிறார். மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தை 'டொய்ங்' என்று சத்தம் போட்டுக் காட்டிக்கொடுக்கும் மிஷின் ஒன்று விற்கிறது என்று தெரிந்தது. அன்றைக்கே பெயரும் மாறியது, ஆளும் மாறினார்.

வாங்குவதற்கு மதுரைக்குப் போனபோது துணைக்கு என்னையும் ரயிலேற்றிக்கொண்டார். கடைக்காரர் இரண்டு மிஷின்களை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இது வெறும் சத்தம் போடும் சார். என்ன கெடக்குன்னு நீங்கதான் தோண்டிப் பாக்கணும். இன்னொண்ணுல ஸ்கிரீன் இருக்கு. இரும்பா, தங்கமா, வெறும் குப்பையான்னு படமும் நம்பரும் காட்டிரும். வேண்டாததைத் தோண்டவே வேண்டாம்."

"ஸ்கிரீன் பொய் சொல்லுமா?" என்றார் அண்ணன்.

"மிஷின் எப்படி சார் பொய் சொல்லும்?"

"அப்ப சத்தம் மட்டும் போடுறத எதுக்கு விக்கிறீக?"

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். அண்ணன் இரண்டையும் மாறி மாறித் தூக்கினார், கடை வாசலில் நடந்தார், போகிறவர் வருகிறவர் இடுப்புச் சாவியையெல்லாம் கண்டுபிடித்தார். கடைக்காரர் சாப்பிடப் போய்விட்டுத் திரும்பி வந்தும் அண்ணனுக்கு முடிவு வரவில்லை. கடைசியில் ஆளை விட்டால் போதும் என்று, "ரெண்டையும் கொண்டுபோங்க சார். ஒரு வாரம் பாத்துட்டு ஒண்ணைத் திருப்பிக் குடுங்க" என்றுவிட்டார். திரும்பி வரும் ரயிலில் அண்ணன் மிஷினை அணைக்காமல் மடியில் வைத்திருந்தார். எதிர் சீட்டு அம்மா போடி வரும்வரை கொலுசுக் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

அந்த ஒரு வாரம் அண்ணன் வீட்டுக் கொல்லையில் பரீட்சை நடந்தது. கையில் கிடைத்த உலோகத்தையெல்லாம் புதைத்து, எந்த மிஷின் என்ன சொல்கிறது என்று பார்த்தார்.

"ஏங்க, குழம்புக் கரண்டியக் காணோம்!" என்று அடுப்படியிலிருந்து அவர் மனைவி ராஜாமணி அக்கா கத்துவார்.

"கொய்யா மரத்தடியில கெடக்கு. டெஸ்ட்டு முடியட்டும்."

"டெஸ்ட்டு முடியுறவரைக்கும் குழம்ப வெரலால தொட்டு நக்குறதா?"

அக்காவின் மோதிரத்தையும் கேட்டு வாங்கிப் புதைத்தார். திரும்ப எடுக்கும்வரை அக்கா அந்த இடத்தைவிட்டு நகரவே இல்லை. ஸ்கிரீன் அழகாக மோதிரப் படம் போட்டு, பக்கத்தில் ஒரு நம்பரும் காட்டியது. அண்ணன் உருகிப்போனார். ஆணியும் மிட்டாய் சுற்றும் ஈயத் தாளும் வந்தால் சத்தமே போடாதபடி அந்த மிஷினின் பொத்தான்களை அமுக்கி வைத்தார். சத்தம் மட்டும் போடும் மிஷினைத் திருப்பித் தர அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில்தான் என் அக்கா மகள் நந்தினி குரங்கணியிலிருந்து போனில் அழுதாள்.

கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளையும் அவளும் போட்டோ எடுக்க ஏலத்தோட்டத்துக்குப் போயிருந்தார்கள். கையை வீசிக்கொண்டு சரிவில் ஓடி வரச் சொல்லியிருக்கிறார் போட்டோக்காரர். மலைக் குளிரில் விரல் ஒடுங்கி, நிச்சயதார்த்தத்தில் போட்ட மோதிரம் கழன்று எங்கேயோ பறந்துவிட்டது. அது மாப்பிள்ளையுடைய பாட்டியின் மோதிரம். மாமியார் தன் விரலிலிருந்து கழற்றிப் போட்டது. அந்த மாமியார் அன்று சாயங்காலம் சேலை எடுக்க எங்கள் அக்கா வீட்டுக்கு வருவதாக இருந்தது.

ஓடிப்போய் அண்ணனிடம் சொன்னேன். "சோலி கெடக்கட்டும், ஏறு ஜீப்புல" என்றார். எதற்கும் இருக்கட்டும் என்று அட்டைப்பெட்டியும் கூட வந்தது.

தோட்டத்துக் கங்காணி எங்களைப் பார்த்ததும் கையை விரித்து மறித்தார். ஏலக்காய்ச் சரமெல்லாம் செடியடியில் தரையோடு படர்ந்து கிடந்தது. "சரத்துல மண்வெட்டி பட்டா மொதலாளி என்னைக் கொன்னுருவாரு சேட்டா!" என்றார்.

"சின்னக் கொத்துதான் அப்பு. பூ மாதிரி தோண்டுவேன்" என்று சமாதானம் சொல்லிவிட்டு, ஸ்கிரீன் மிஷினோடு அண்ணன் இறங்கினார்.

மிஷின் வாயே திறக்கவில்லை. இந்த வரிசை, அந்த வரிசை, மறுபடியும் முதல் வரிசை. அட்டைப்பூச்சிகள் காலில் ஏறின. மாப்பிள்ளை பிரவீனின் போன் அடித்தது, அவன் அம்மாதான். "ஜீப்பு பஞ்சர்மா" என்றான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அடித்தது. "இன்னொரு டயரும் பஞ்சர்மா." மூன்றாம் தடவை போனை என்னிடம் நீட்டினான். நான் வாங்கவில்லை.

நந்தினி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாமா, வீட்ல எதை வச்சு டெஸ்ட்டு பண்ணுனீங்க?" என்றாள்.

"ஒங்க அத்தை மோதிரத்த வச்சு."

"அது பட்டையா இருக்குமே. இது நூல் மாதிரி மெலிசு மாமா."

அண்ணன் அப்படியே நின்றார். "அடப்பாவி, மிட்டாய்த் தாளுன்னு நெனச்சு வாய மூடிக்கிட்டானோ?"

"அப்ப மிட்டாய்த் தாளுக்கும் சத்தம் போடுற மாதிரி மாத்துங்கண்ணே" என்றேன்.

"எதை அமுக்கி அவன் வாய மூட வச்சேன்னு மறந்துபோச்சு தம்பி." முகத்தில் ஈயாடவில்லை. "அந்தப் பெட்டியக் கொண்டா, வெரசா!"

அதற்கப்புறம் அந்தச் சரிவில் டொய்ங் சத்தம் ஓயவில்லை. ஒவ்வொரு சத்தத்துக்கும் எல்லாரும் மண்டியிட்டோம். மாத்திரை அட்டை வந்தது. சோடா மூடி வந்தது. முள்கம்பித் துண்டு, துருப்பிடித்த பிளேடு, பாக்குப் பொட்டலம். முறைத்துக்கொண்டு நின்ற கங்காணியும் ஒரு கட்டத்தில் பொறுக்க முடியாமல் குனிந்துவிட்டார். வெயில் எதிர் மலைக்குப் போய்விட்டது. ஒரு செடியின் தூரடியில் மறுபடி டொய்ங். நந்தினி ஈர மண்ணை விரலால் கிளறினாள். சின்னதாக ஏதோ மின்னியது.

நந்தினி சேற்றிலேயே உட்கார்ந்து மோதிரத்தை நெஞ்சோடு பொத்திக்கொண்டாள். பிரவீன் அண்ணனைக் கட்டிப்பிடித்து அவர் முதுகில் முகத்தைத் துடைத்தான். நானும் அப்போதுதான் ஒழுங்காக மூச்சுவிட்டேன்.

அண்ணனுக்கு மட்டும் ஒரு சோலி பாக்கியிருந்தது. ஸ்கிரீன் மிஷின் பொத்தானையெல்லாம் இஷ்டத்துக்கு அமுக்கி, மோதிரத்துக்கு மேலே காட்டினார். ஸ்கிரீனில் கசங்கிய தாள் படம் வந்தது.

"பாத்தியா தம்பி, ஒரு குடும்பத்து மோதிரத்தப் போயி குப்பைங்குறான்!" என்று நிஜமாகவே கோபப்பட்டார். பிறகு சட்டைப்பையிலிருந்து மோட்டார் காயில் கட்டும் நூலை எடுத்து, மோதிரத்தின் அடியில் நெருக்கமாகச் சுற்றிக் கொடுத்தார். "இப்பப் போடு ஆத்தா. இனி ஓடுனாலும் கழலாது."

சாயங்காலம் மாமியார் முதலில் பார்த்ததே அந்த நூலைத்தான். நான் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தேன். அந்த அம்மாவோ எங்கள் அக்காவிடம், "எம்புட்டுப் பொறுப்பு பாருங்க! தொலைஞ்சிரக் கூடாதுன்னு நூல் சுத்தியிருக்கா" என்றார். பிரவீனுக்குப் புரையேறியது.

மறுநாள் அண்ணன் ஸ்கிரீன் மிஷினை மதுரையில் கொடுத்துவிட்டு வந்தார். அது கெட்ட மிஷின் இல்லையாம், அவசரப்பட்டு முடிவு சொல்கிற மிஷினாம்.

நந்தினி இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறாள். எனக்குப் போன் செய்தால், "டொய்ங் மாமா எப்படியிருக்காரு?" என்றுதான் ஆரம்பிப்பாள். என்னை விசாரிக்க மறந்து போனை வைத்துவிடுவதும் உண்டு. எனக்கு அதில் வருத்தமில்லை. அவள் கேட்பாளே என்ற சாக்கில்தான் நானும் தினமும் அந்தப் பட்டறைப் பக்கம் போய் நிற்கிறேன்.