ஓட்டுப் போட வர வெள்ளைக்காரர் விடவில்லை

கலாசின் மாவட்டத்தின் மாண்புமிகு நாடாளுமன்ற உறுப்பினரும், என் உடன்பிறந்த அக்காவுமான பிகுன் அவர்களுக்கு, பாங்காக் தேவேட் சந்தைக்குப் பின்சந்தில் விருந்தினர் விடுதி நடத்தும் தம்பி சங்குவன், கூப்பிய கையை நெற்றிவரை உயர்த்தித் தலையைத் தாழ்த்தி எழுதுவது. நீயும் வீட்டில் எல்லோரும் நலம்தானே. பிரசார வண்டியில் ஏறி நின்று நீ கத்திய கத்தலுக்கு உன் தொண்டை இன்னும் சரியாகியிருக்காது, வெந்நீரில் எலுமிச்சையும் உப்பும் போட்டுக் குடி. இங்கே நான் நலம். என் மனைவி நுவன்சானும் நலம், ஆனால் உனக்கு ஓட்டுப் போட்டுவிட்டுத் திரும்பிய நாளிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. நீ என் போனை எடுப்பதில்லை. பேச ஆளில்லாமல் போனதால் கடிதம் எழுதுகிறேன், கிழித்துப் போடாமல் முழுக்கப் படி.

முதல் தடவை நின்றபோது தோற்றாய். இரண்டாம் தடவை ஜெயித்தாய், அந்தத் தேர்தலே செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். இப்போது மூன்றாம் தடவை ஜெயித்திருக்கிறாய், யாரும் எதுவும் சொல்லவில்லை. கடைசியில் உனக்கு ஒரு நாற்காலி கிடைத்தே விட்டது. அதில் என் ஓட்டு மட்டும் இல்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை. "கூடப் பொறந்தவன் வரல, ஊர்க்காரங்க வந்தீங்க" என்று வெற்றிக் கூட்டத்தில் மைக்கில் சொன்னாயாமே. பெயரைச் சொல்லாமல் விட்டதற்கு நன்றி. பதவி ஏற்க வரும் வாரம் பாங்காக் வரும்போது ஏதோ ஓட்டலில் தங்கப் போகிறாயாம், நுவன்சான் சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள், நான் கேட்டுக்கொண்டேன். விடுதி நடத்துகிற தம்பி இருக்கும்போது அக்கா ஓட்டலில் தங்கினால் இந்தச் சந்தில் நான் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பேன்? ஆற்றுக் காற்று வரும் மாடி அறையை உனக்காகக் கழுவி, புது மெத்தை போட்டு வைத்திருக்கிறேன். நீ இங்கேதான் வந்து தங்க வேண்டும். அதற்கு முதலில் அன்றைக்கு நடந்தது உனக்குத் தெரிய வேண்டும்.

எல்லாவற்றுக்கும் காரணம் வில்லெம். ஹாலந்துக்காரர், பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவர். மனைவி பெயர் ஹென்னி, தங்கமான மனுஷி, கொசு கடித்தால்கூடக் கொசுவிடம் மன்னிப்புக் கேட்பாள். முதல் தடவையாக நம் நாட்டுக்கு வந்திருக்கிறார்கள். வந்து இறங்கியதுமே அவர்கள் அரசாங்கம் போனில் ஒரு எச்சரிக்கை அனுப்பிவிட்டது: தாய்லாந்தில் தேர்தல் நடக்கிறது, கலவரம் வரலாம், கூட்டத்தைத் தவிர்க்கவும், கட்சி நிறங்களில் உடை அணிய வேண்டாம், உணவும் தண்ணீரும் சேர்த்து வைக்கவும். சந்தைக்குப் பின்னால் குடியிருந்துகொண்டு கூட்டத்தைத் தவிர்க்க வேண்டுமென்றால் குளியலறைக்குள்தான் உட்கார வேண்டும். அவர் அங்கேயும் போய்த் தண்ணீர் பாட்டில்களை அடுக்கிவிட்டார். அறை பெருக்கப் போனால் குளிக்கிற இடமே தெரியவில்லை. "எதுக்கு சார் இவ்வளவு?" என்று கேட்டேன். "மிஸ்டர் சங்குவன், நீங்க சிரிச்சுக்கிட்டே கேக்கறீங்க. அதான் எனக்கு பயமா இருக்கு" என்றார். நான் என்ன செய்வேன், விருந்தாளியிடம் அழுதுகொண்டா கேட்க முடியும்?

அடுத்த தொல்லை நுவன்சானின் சட்டை. அவள் ஒரு நாளும் கிழமைக்கு உரிய நிறத்தை விட்டவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். திங்களுக்கு மஞ்சள், செவ்வாய்க்கு ரோஸ், புதனுக்குப் பச்சை என்று கொடியில் வரிசையாகத் தொங்கும். வில்லெம் மாடியிலிருந்து அதையெல்லாம் கவனித்து, ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, "உங்க மனைவி எந்தக் கட்சி? தினம் மாறிக்கிட்டே இருக்காங்களே" என்றார். "அவ எந்தக் கட்சியிலயும் இல்ல சார், எல்லாக் கட்சியும் அவகிட்ட பயந்துதான் இருக்கும்" என்றேன். அவர் அதை அப்படியே நம்பிவிட்டார். அன்றிலிருந்து அவள் காப்பி கொண்டு வைத்தால் எழுந்து நின்று வாங்கிக்கொள்கிறார்.

வம்பே வேண்டாம் என்று அவர்கள் இருவரும் உடம்பெல்லாம் வெள்ளை உடுத்த ஆரம்பித்தார்கள். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் காற்சட்டை, ஹென்னி தலையில் வெள்ளைத் துண்டு வேறு. நம் சந்தைக்காரிகள் விடுவார்களா? வெள்ளை உடுத்தி மடத்தில் விரதம் இருக்க வந்த புண்ணியவதி என்று நினைத்து, பூக்கடைக்காரி தாமரை மொட்டைக் கையில் திணித்தாள், பழக்கடைக்காரி ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் கொடுத்து மண்டியிட்டுக் கும்பிட்டாள். ஹென்னி பயந்துபோய்ப் பதிலுக்குத் தானும் மண்டியிட்டாள். பழக்கடைக்காரி இன்னும் தாழ்ந்து கும்பிட, இவள் இன்னும் தாழ, இரண்டு பேரும் மீன் தண்ணீர் ஓடுகிற தரையில் கிட்டத்தட்டப் படுத்துவிட்டார்கள். நான் போய்த்தான் தூக்கிவிட்டேன். அந்த நேரம் பார்த்து மாலை ஆறு மணி, படகுத் துறை ஒலிபெருக்கியில் தேசிய கீதம் ஆரம்பித்துவிட்டது. சந்தையே வெட்டுகிற கத்தியைக் கையில் வைத்தபடி அசையாமல் நின்றது. வில்லெம் சுற்றிலும் பார்த்தார், இரண்டு கையையும் மேலே தூக்கிவிட்டார். கீதம் முடிந்து எல்லோரும் வேலையைப் பார்க்கப் போன பிறகும் அவர் கையை இறக்கவில்லை. "என்ன சார்?" என்றால், "யாரு உத்தரவு போட்டது?" என்று உதடு அசையாமல் கேட்கிறார்.

இனி தேர்தலுக்கு முந்தின சனிக்கிழமைக் கதைக்கு வருகிறேன். ஓட்டு சொந்த ஊரில் இருப்பவர்கள் எல்லோரும் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். நூடுல்ஸ் கடை பூட்டு, துணி வெளுக்கிறவள் கிளம்பிவிட்டாள், முனையில் நிற்கிற மோட்டார் சைக்கிள்காரர்கள் ஒருவர்கூட இல்லை. எல்லோரும் நம் பக்கத்து ஆட்கள்தானே. மதியத்துக்குள் சந்தில் நாய்களும் வெள்ளைக்காரர்களும்தான் மிச்சம். சாயங்காலம் நானும் நுவன்சானும் பையோடு மாடியிலிருந்து இறங்கினோம், படிக்கட்டின் கீழே வில்லெம் நிற்கிறார். "ஜனங்க ஊரைக் காலி பண்றாங்க. நீங்களும் எங்களை விட்டுட்டு ஓடறீங்க" என்றார். ஓட்டுப் போடப் போகிறோம் என்றேன். "எங்கே?" என்றார். கலாசின், ராத்திரி முழுக்க பஸ் என்றேன். "மிஸ்டர் சங்குவன், எங்க ஊர்ல நான் வீட்டுச் செருப்போட எதிர்ல இருக்கிற பள்ளிக்கூடம் போய் ஓட்டுப் போட்டுட்டு வர்றேன். ஒரு ஓட்டுக்காக ராத்திரி முழுக்க பஸ்ல போறேன்னு சொன்னா யார் நம்புவா?" என்றார். ஹென்னி அழத் தொடங்கிவிட்டாள். அக்கா, என் தாட்சண்யம் உனக்குத் தெரியும். ஒருவர் முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு இந்த வயதுவரை வரவில்லை. ஒரு வாய் டீ கொடுத்துச் சமாதானப்படுத்திவிட்டுக் கிளம்பலாம் என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்ததுதான் நான் செய்த தப்பு.

டீ அவரைத் தேற்றவில்லை. ஒரு பீர் குடித்தால் மனசு அடங்கும் என்று எதிர்க் கடைக்குப் போனார். தேர்தலுக்கு முந்தின மாலையிலிருந்து மது விற்கக் கூடாது என்பது நமக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்த விஷயம். கடைக்காரி பீர்ப் பெட்டிமேல் துணியைப் போட்டு மூடிவிட்டு, "இன்னிக்கு இல்ல, நாளைக்கும் இல்ல, மேலிடத்து உத்தரவு" என்றாளாம். வில்லெம் ஓடி வந்தார். மனுஷன் முகத்தில் ரத்தமே இல்லை. "பீரை நிறுத்திட்டாங்க. எங்க பூகோளத்துல பீரை நிறுத்தின நாடு எதுவும் உருப்பட்டதில்ல" என்று சொல்லிக்கொண்டே கதவைத் தாழ்ப்பாள் போட்டார். பிறகு என் அலமாரியை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தார், அதன்மேல் குளிர்பதனப் பெட்டியைச் சாய்த்தார். அது தேக்கு அலமாரி, நானும் நுவன்சானும் சேர்ந்து ஒரு நாளும் அசைக்க முடியாதது. பயம் வந்தால் பூகோள வாத்தியாருக்கு அவ்வளவு பலம்.

நுவன்சான் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பையைத் தோளில் போட்டுக்கொண்டு, சமையலறை ஜன்னல் வழியாகப் பின்பக்கக் கால்வாய்க் கரையில் குதித்துப் போய்விட்டாள். "நீங்க வர்றீங்களா, இல்ல அவங்களுக்கு டீ போடறீங்களா?" என்றுதான் கடைசியாக என்னிடம் பேசியது. நானும் ஜன்னலில் ஒரு காலைப் போட்டேன், பொய் சொல்லவில்லை. வில்லெம் என் மற்ற காலைப் பிடித்துக்கொண்டார். "பாத்தீங்களா, உங்க மனைவியே தப்பிச்சு ஓடறாங்க, உண்மையைச் சொல்லுங்க" என்கிறார். என் வயிறு பாதி வெளியே, பாதி உள்ளே. பஸ் போய்விட்டது.

மறுநாள் காலையில் நீ போன் செய்தது நினைவிருக்கும். "உன் பொண்டாட்டி வந்து வரிசையில நிக்கறா. நீ எங்கடா?" என்றாய். "வெள்ளைக்காரர் விட மாட்டேங்கறாருக்கா" என்றேன். "அவருக்கு இங்க ஓட்டு இருக்கா? இருந்தா அவரைக் கூட்டிட்டு வா, இல்லன்னா நீ வா" என்று போனை வைத்தாய். அதற்குப் பிறகு நீ எடுக்கவே இல்லை.

அன்று முழுவதும் வில்லெமும் ஹென்னியும் மாடி ஜன்னல் இடுக்கில் தொலைநோக்கியை வைத்து எதிர்ப் பள்ளிக்கூட வாக்குச்சாவடியைக் கண்காணித்தார்கள். சுட்ட பன்றி இறைச்சியும் ஒட்டரிசிச் சோறும் தின்றபடி, பாங்காக்கிலேயே ஓட்டு உள்ள ஜனங்கள் வந்து போட்டுவிட்டுப் போனார்கள். சாயங்காலம் எண்ணிக்கை ஆரம்பித்தது. அதிகாரி ஒவ்வொரு சீட்டாக எடுத்து, வெளிச்சத்தில் உயர்த்திக் காட்டி, நம்பரைச் சத்தமாகச் சொல்ல, வேலியோரம் நின்ற கூட்டம் கைதட்டிக் கூவியது. "ஆரம்பிச்சுட்டாங்க" என்று வில்லெம் ஹென்னியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். அவர்கள் அடியில் இருந்தபடியே, நான் மேலே உட்கார்ந்தபடியே, டிவியில் உன் பெயர் வந்தது. நான் அழுதுவிட்டேன், அக்கா. என் அழுகையைப் பார்த்து அவர்கள் நிலைமை கைமீறிவிட்டது என்று முடிவு கட்டியது வேறு விஷயம்.

இந்த வெள்ளைக்காரர்களை நினைத்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. ஓட்டுப் போட்டார்கள், எண்ணினார்கள், ஜெயித்தவர் வீட்டில் விருந்து, தோற்றவர் வீட்டில் தலைவலி மாத்திரை, இதில் பயப்பட என்ன இருக்கிறது? பத்திரிகையில் என்னவோ முணுமுணுக்கிறார்கள், அது அவர்கள் பிழைப்பு. ராணுவ முகாமில் சிப்பாய்கள் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்களாம், பால்காரன் பார்த்துவிட்டு வந்து சொன்னான். ஆகவே நீ எந்த யோசனையும் இல்லாமல் வா. வயல் நண்டு போட்ட பச்சைப் பப்பாளிப் பச்சடியை நானே இடித்து வைக்கிறேன். நீ சபைக்குக் கிளம்பும்போது தம்பி வாசலில் நின்று பார்க்க வேண்டும், எனக்கு அவ்வளவுதான் ஆசை. அம்மா அப்பா படத்துக்கு என் சார்பில் ஊதுவத்தி ஏற்று. நீ செய்த புண்ணியமெல்லாம் உன்னைச் சுற்றி நின்று காக்கட்டும், என்மேல் உள்ள கோபம் மட்டும் கலாசினிலேயே தங்கிவிடட்டும்.

உன் காலடியில் கும்பிடும்,
சங்குவன்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடப் போனேன். தபாலாபீஸ் வாசலில் ஒரு ராணுவ வண்டி. அதன்மேல் உட்கார்ந்திருந்த சிப்பாய், நம் பக்கத்துப் பேச்சு, மரியாதையான பையன், "இன்னிக்குத் தபால் இல்ல மாமா, வீட்டுக்குப் போங்க" என்றான். வீட்டுக்கு வந்தால் எல்லா டிவியிலும் ஒரே அணிவகுப்புப் பாட்டு. பிறகு அதிலேயே சீருடையில் ஒருவர் வந்து, சபை கலைக்கப்பட்டது, ஜெயித்தவர்கள் எல்லோரும் முகாமில் வந்து ஆஜராக வேண்டும் என்று காகிதத்தைப் பார்த்து வாசித்தார். வில்லெமும் ஹென்னியும் சந்து முனையில் வண்டிகளோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள், ஹென்னி துப்பாக்கி முனையில் ரோஜாப்பூ சொருகியிருக்கிறாள். "இப்பதான் மிஸ்டர் சங்குவன் எல்லாம் அமைதியா, ஒழுங்கா இருக்கு" என்று வில்லெம் என் தோளைத் தட்டிவிட்டு, இன்னும் ஒரு வாரம் தங்குவதாகச் சொன்னார். வராதே, அக்கா. கலாசின் வீட்டிலும் இருக்காதே. போனைத் தொடாதே. இதைக் கொண்டுவருவது நுவன்சான்தான், அவள் கூட்டிப்போகிற இடத்துக்கு ஏன் எங்கே என்று கேட்காமல் போ. நீ ஜெயித்தாய், அது ஜெயித்ததுதான். யாராவது இங்கே வந்து விசாரித்தால் எனக்கு அக்காவே கிடையாது என்று சிரித்துக்கொண்டே சொல்லப் போகிறேன். அதற்கு மட்டும் கோபித்துக்கொள்ளாதே.