சிராத்தத்தில் முருங்கைக்காய்

மட்டாஞ்சேரி,
14-8-1958

கல்பாத்தி அத்திம்பேர் சிவராமகிருஷ்ணன் அவர்களுக்கு, மைத்துனன் வெங்கிடாசலம் நமஸ்காரத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு எல்லோரும் க்ஷேமம். நேற்றிலிருந்து வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாகவே க்ஷேமம். மானநஷ்டக் கேஸில் ஜெயித்துவிட்டேன். சிராத்தச் சமையலில் நான் சுத்தம் என்று கோர்ட்டே சொல்லியாகிவிட்டது.

நடந்தது இதுதான். அடுத்த வருஷத் திதிக்கு வரச் சௌகரியப்படாது என்று நான் சொன்ன கோபத்தில், அரிசிக் கிடங்குத் தெரு கனகாம்பாள் மாமி, தன் மாமனார் சிராத்தத்தில் நான் முருங்கைக்காய் சாம்பார் வைத்ததாகக் கோவிலில் நாலு பேரிடம் சொல்லிவிட்டாள். முருங்கைக்காய் பித்ருக்களுக்கு ஆகாது என்பது சமைக்கத் தெரியாதவனுக்கும் தெரியும். அப்புறம் ஒரு வீட்டிலும் என்னைக் கூப்பிடவில்லை. பெயர் போனால் சமையல்காரனுக்கு என்ன மிச்சம், கேஸ் போட்டேன். நான் ஒழுங்கானவன் என்று ஒரு வார்த்தை சொல்ல நம் சித்தப்பா பிள்ளை அனந்தநாராயணனைக் கூட்டிப் போனேன். கேஸ் எதைப் பற்றி என்றுகூட அவன் கேட்டுக்கொள்ளவில்லை. கூண்டில் ஏறினதும் என்ன வந்ததோ, அன்றைக்கு அந்தத் திசைக்கே போகாதவன், அந்தச் சிராத்தத்தில் தானே இலையில் உட்கார்ந்ததாகச் சத்தியம் பண்ணினான். என்ன சாப்பிட்டாய் என்று எதிர் வக்கீல் கேட்க, கல்யாணங்களில் நான் சமைப்பதன் ஞாபகத்தில், "அந்த முருங்கைக்காய் சாம்பார் ஒண்ணு போறுமே, கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேனாக்கும்" என்றான். கோர்ட்டே சிரித்தது. என் வக்கீல் என்னைப் பார்க்காமலே படியிறங்கிப் போனார். எனக்கு உயிர் போய்விட்டது.

மறுநாள் மாமியின் முறை. ராத்திரியெல்லாம் பொருமிக்கொண்டிருந்திருப்பாள் போல, வக்கீல் வாயைத் திறக்குமுன் அனந்தநாராயணனைக் கைகாட்டி ஆரம்பித்துவிட்டாள்.

"இந்த மனுஷன் எங்காத்துப் படியே ஏறினதில்லை. எங்காத்துச் சிராத்தத்திலே முருங்கைக்காயா? அப்படி ஒண்ணு இலையிலே விழவே இல்லை. எங்க குடும்பத்தை என்னன்னு நெனச்சேள்?"

அப்படியானால் கோவிலில் சொன்னது என்ன என்று மாஜிஸ்திரேட் மெதுவாகக் கேட்டார். அவளுக்கு அபராதம், பொய் சாட்சிக்கு அனந்தநாராயணனுக்குக் கேஸ் வராமல் போனது பூர்வ புண்ணியம், திட்டு மட்டும் வயிறு நிறையக் கிடைத்தது. பெருமை தாங்கவில்லை, அத்திம்பேர். கடைத்தெருவில் நேற்று வேண்டுமென்றே சுற்றுவழியாக நடந்து வந்தேன்.

அடுத்த மாசம் தங்கள் அப்பா சிராத்தத்துக்கு வழக்கம்போல நான்தான். எள்ளும் உளுந்தும் மட்டும் ஜெயலக்ஷ்மி அக்கா வாங்கி வைத்தால் போதும். அவளுக்கு நமஸ்காரம், குழந்தைகள் தீர்க்காயுசாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
வெங்கிடாசலம்

பி.கு.: உறையை ஒட்டுமுன் தங்கள் கார்டு வந்தது. பத்திரிகையில் முதல் நாள் சாட்சியம் மட்டும் வந்ததாம். நான் ஜெயித்தது இன்னும் தங்களுக்கு எட்டவில்லை. சிராத்தத்துக்கு வேறு ஆளைச் சொல்லிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அக்காவும் சரி என்றாளாம். சத்தியமாக நான் வைக்கவில்லை, அத்திம்பேர். தாங்கள் நம்பாவிட்டால் நேரில் வந்து எனக்காகச் சாட்சி சொல்கிறேன் என்று அனந்தநாராயணன் சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறான்.