வைத்தியச்சியைக் கூட்டிப்போக வந்தவன்

கல்லரக்கன் கோட்டைக் கதவு ஐந்து பேர் நின்றால்தான் திறக்கும். நின்றது நாலு பேர்.

"அஞ்சாவது ஆள் எங்கடா?" என்று ஸ்பீக்கரில் கேட்டான் நெட்டை.

"வரமாட்டானாம். பாஸ்வேர்டை மட்டும் அனுப்பியிருக்கான்," என்றான் மாப்பிள்ளை.

மாப்பிள்ளை என்றதும் யாரோ புதுமாப்பிள்ளை என்று நினைத்துவிட வேண்டாம். கல்யாணமாகி ஏழு வருஷம். லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன். உச்சி மாடியில் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களைக்கூடப் பத்திரமாகக் கீழே இறக்கிவிடுவான். கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்துவிட்ட பெண்டாட்டியை வாசற்படி இறங்கவைக்க மட்டும் அவனுக்கு வழி தெரியவில்லை. போனில் கெஞ்சினான், நேரில் கெஞ்சினான். கதவைத் திறந்தால் "வந்துட்டீங்களா" என்று கேட்க ஆளில்லாத வீட்டில் அவனால் இருக்க முடியவில்லை. கடைசியில் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு மாமனார் வீட்டுக்கே வந்துவிட்டான்.

காரணம் இருந்தது. இருவரும் சந்தித்ததே இந்த ஆன்லைன் விளையாட்டில்தான். இவன், அவள், நெட்டை, ஒரு மருந்துக்கடைக்காரன், இன்று வராமல் போனவன் என்று முகம் தெரியாத ஐந்து பேர் சேர்ந்து, இதே கோட்டைக்குள் நுழைந்து, இதே கல்லரக்கனோடு மோதினார்கள். அப்போது மைக், பேச்சு ஒன்றும் கிடையாது. எல்லாம் டைப் அடிப்பதுதான். இவன் கேடயக்காரன், அவள் வைத்தியச்சி. அன்று இவன் மூன்று தடவை செத்தான். மூன்று தடவையும் அவள் உயிர் கொடுத்தாள். கோபம் இல்லை, பதற்றம் இல்லை. "எழுந்திரு" என்று ஒரே ஒரு சொல்லைத் தட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தாள். அரக்கன் மண்ணைக் கவ்வினான். கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று இவன் அன்றே முடிவு செய்துவிட்டான்.

"ஒரே ஒரு தடவை அந்தக் கோட்டைக்குப் போயிட்டு வருவோம். ஜெயிச்சா என்கூட வந்துடு," என்று கேட்டான்.

அவள் முகம் என்னவோ போல் ஆகிவிட்டது. "வேற என்ன வேணாலும் கேளுங்க. அது மட்டும் வேணாம்."

இவன் விடுவானா? அரித்தெடுத்தான்.

"சரி. தோத்தா நீங்க தனியாத்தான் போகணும்," என்றாள் அவள்.

ஆகவே ஐந்தாவது ஆள் வேண்டும். வராதவனின் பாஸ்வேர்டைப் போட்டு அவன் ஆளைத் திரையில் நிறுத்திவிட்டு, மாப்பிள்ளை சமையலறைக்குப் போய் மாமியாரைப் பிடித்து வந்தான்.

"சும்மா நின்னா போதும் அத்தை. எதையும் தொட வேணாம்."

"இதுல நான் எங்க இருக்கேன்?"

"அந்த மொட்டைத் தலை. கோடாலி வச்சிருக்கே, அதுதான்."

மாமியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தாள். "மேல சட்டை இல்லையே."

"அது அப்படித்தான் அத்தை."

"இத்தனை ஆம்பளைங்க நடுவுல என்னைச் சட்டையில்லாம நிக்க வச்சிருக்கீங்க. ஒரு துண்டாவது குடுங்க மாப்பிள்ளை."

ஸ்பீக்கரில் நெட்டையும் மருந்துக்கடைக்காரனும் இருமுவதுபோல் சிரித்தார்கள். மூலை நாற்காலியில் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்த மாமனார் சிரிக்கவில்லை. அவர் ஓய்வுபெற்ற தணிக்கை அதிகாரி. ஊரார் கணக்கிலெல்லாம் குற்றம் கண்டுபிடித்து முடித்துவிட்டு, இப்போது முழுநேரமும் மாப்பிள்ளையிடம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்.

கதவு திறந்தது. அரக்கன் தூங்கிக்கொண்டிருந்தான். அவரவர் இடத்தில் போய் நிற்கும்வரை அவன் தூங்க வேண்டும் என்பது கணக்கு. அதற்குள் மாமியார் துண்டு தேடுகிறேன் என்று எதையோ அமுக்க, மொட்டைத் தலை கோடாலியை ஓங்கி, வாசலில் தொங்கிய காவல் மணியை உடைத்துவிட்டது. மாமியார் உடைத்தால் மண்குடம் என்பார்கள். இங்கே மாமியார் உடைத்ததில் ஐந்து பேரும் செத்தார்கள்.

"பரவாயில்லை அத்தை," என்று பல்லைக் கடித்தான் மாப்பிள்ளை. இனி அவள் கையில் எதையும் விடக்கூடாது என்று, மொட்டைத் தலை தன் பின்னாலேயே தானாக நடந்து வரும்படி செய்துவைத்தான்.

அதில் ஒரு சங்கடம். இரண்டு பேர் ஒட்டி நின்றால் அரக்கன் அவர்கள் தலையில் பாறையைப் போடுவான்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க அத்தை."

"பின்னாடியே வரச் சொன்னதும் நீங்கதான், தள்ளி நிக்கச் சொல்றதும் நீங்கதான். நான் எதைக் கேக்கிறது?"

பாறை விழுந்தது. கேடயக்காரன் செத்தால் மற்றவர்கள் எத்தனை நேரம் தாங்குவார்கள்? மறுபடியும் ஐந்து பிணம்.

மூன்றாவது தடவை மாமியாரை மகளின் பின்னால் கட்டிவிட்டான். எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி? பாறை இப்போது வைத்தியச்சியைத் தேடி வர ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்து மருந்துக்கடைக்காரன், "ஒரு நிமிஷம் இருடா, இருமல் மருந்து கேக்கிறாங்க," என்று எழுந்து போய்விட்டான்.

"எனக்கு உயிர் குறையுது. மருந்து போடு," என்றான் மாப்பிள்ளை.

"எதை அமுக்கணும்?"

"என்னைக் கேக்கிறியே. அன்னிக்கு நீதானே அமுக்கின?"

அவள் அவசரத்தில் எதையோ அமுக்கினாள். ஏற்கெனவே செத்துக் கிடந்த நெட்டைக்குத் தலைவலி மருந்து போய்ச் சேர்ந்தது.

"தூணுக்குப் பின்னால நிக்கணும்," என்றது செய்தித்தாள்.

"என்ன மாமா?"

"ஒண்ணுமில்லை. பேப்பர்ல ஏதோ போட்டிருக்கான்."

மாப்பிள்ளைக்கு அதைக் கவனிக்க நேரமில்லை. அரக்கன் அவனை மிதித்துக்கொண்டிருந்தான். மூலையிலிருந்து "ச்சு" என்று ஒரு சத்தம் வந்தது. கேடயக்காரன் விழுந்தான்.

மாப்பிள்ளை மவுஸை விட்டுவிட்டுத் திரையையே பார்த்தான். திரும்பிப் போக வேண்டிய வீடு நினைவுக்கு வந்தது. பட்டும் புத்தி வராதவன் என்பதால் வாயைத் திறந்தான்.

"அன்னிக்கு இருந்த பொறுமை எங்க போச்சு உனக்கு?"

அந்த வீட்டில் இதைவிடக் கெட்ட வார்த்தை கிடையாது. ஏழு வருஷமாக, பால் பொங்கி வழிந்தாலும், வண்டிச் சாவி தொலைந்தாலும் அவன் சொல்வது இதைத்தான். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியதும் இதைக் கேட்டுத்தான்.

அவள் எழுந்துவிட்டாள்.

"மச்சி, மைக் ஆன்லயே இருக்குடா," என்றான் நெட்டை மெதுவாக. "நாங்க வேணா போயிடட்டுமா?"



"நானும் சொல்லணும் சொல்லணும்னு ஏழு வருஷமா வாயைத் திறக்கிறேன், நீங்க எங்க சொல்ல விட்டீங்க?" அவள் குரல் உடைந்தது. "உங்களுக்கு நான் வேணாம். அன்னிக்கு உங்களை எழுப்பின ஆள்தானே வேணும்? அந்த ஆளையே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

"அது நீதானே?"

அவள் மூலையைப் பார்த்தாள். மாமியாரும் மூலையைப் பார்த்தாள். பிறகு மாப்பிள்ளையும் பார்த்தான்.

செய்தித்தாள் நிதானமாக நாலாக மடிந்தது.

"அன்னிக்கு இவளுக்குக் காய்ச்சல் மாப்பிள்ளை, பட்டனை அமுக்கினது நான்தான், அதுக்காக உங்ககூட வந்து குடித்தனம் பண்ணு, அந்தப் பொறுமையோட இருன்னா, எனக்கு உடம்புல தெம்பு இல்லை."